வந்த நாட்டில் அமைந்த மேடை

ஷேக்ஸ்பியர் என்ற பெயரைக் கேட்டதும் நம்மில் பலருக்குத் தேர்வு ஞாபகம்தான் வரும். போர்ஷியா நீதிமன்றத்தில் கருணையைப் பற்றிப் பேசும் பகுதியை மனப்பாடம் செய்து, ஒரு சொல் விட்டுப் போனாலும் மதிப்பெண் குறையுமே என்று அஞ்சியவர்கள் உங்கள் அன்னையரிலும் இருப்பார்கள். அந்த நாடகங்களையே பிழைப்பாகக் கொண்டு, உடைகளைப் பெட்டிகளில் அடைத்துக்கொண்டு, நம் நாட்டு இரயில்களில் ஊர் ஊராகச் சென்ற ஓர் ஆங்கிலக் குடும்பம் இருந்தது. அக்குடும்பத்தின் மூத்த மகள் ஜெனிஃபர் கெண்டல். இங்கிலாந்தில் பிறந்தவர், நாடகம் நடிக்க இந்தியாவுக்கு வந்தவர், இங்கேயே மணம் முடித்து, மேடையிலும் திரையிலும் நடித்து, கடைசியில் பம்பாயில் ஒரு நாடக அரங்கம் எழக் காரணமாக இருந்தவர். அவருடைய கலை வாழ்க்கையை இங்கே சற்று விரிவாகப் பார்ப்போம்.

பிற நாட்டில் பிறந்து இந்தியத் திரைக்கு வந்த பெண்கள் வேறு பலரும் உண்டு. ஆஸ்திரேலியாவில் பிறந்த நாடியா, 1935-இல் ‘ஹண்டர்வாலி’ படத்தில் சவுக்கைச் சுழற்றிக்கொண்டு குதிரைமேல் வந்தபோது வட இந்தியாவே வியந்து பார்த்தது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கே. தவமணி தேவி, சேலம் மாடர்ன் தியேட்டர்ஸின் முதற்படமான ‘சதி அகலிகை’யில் (1937) நடித்தார். பர்மாவில் பிறந்த ஹெலன், போர்க்காலத்தில் அகதியாக வந்த குடும்பத்தின் பெண். இவர்களுக்கும் ஜெனிஃபருக்கும் ஒரு வேற்றுமை உண்டு. ஜெனிஃபர் திரையில் ஏற்ற வேடங்களில் பெரும்பாலானவை, இந்த மண்ணில் ஒட்டாமல் நிற்கும் வெள்ளைக்காரப் பெண்ணின் வேடங்களே. கதை முடியும்போது அந்தப் பெண் தனித்துப் போவாள், அல்லது ஊரைவிட்டே போவாள். அவற்றை நடித்தவரோ போகவில்லை. இந்த முரண்தான் என்னை எழுதத் தூண்டியது.

பெட்டி படுக்கையுடன் ஒரு கம்பெனி

ஜெனிஃபர் 1934-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் இங்கிலாந்தின் சவுத்போர்ட் என்னும் கடற்கரை ஊரில் பிறந்தார். தந்தை ஜெஃப்ரி, தாய் லாரா லிடெல். இருவரும் நாடக நடிகர்கள். தந்தையின் இயற்பெயர் ஜெஃப்ரி பிராக். தாம் பிறந்த கெண்டல் என்ற ஊரின் பெயரையே மேடைப் பெயராக வைத்துக்கொண்டார். ஊர்ப் பெயரை முன்னே போட்டுக்கொள்ளும் வழக்கம் நம் நாடகக் கலைஞர்களுக்கு மட்டும் உரியதன்று போலும்!

இரண்டாம் உலகப் போரின்போது, படைவீரர்களுக்கு நாடகம் நடத்திக் காட்டும் குழுவில் சேர்ந்து 1944-இல் ஜெஃப்ரியும் லாராவும் இந்தியாவுக்கு வந்தனர். இந்நாடு அவர்களை விடவில்லை. 1947-இல், அதாவது மற்ற ஆங்கிலேயர்கள் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறிய அதே காலத்தில், ‘ஷேக்ஸ்பியரானா’ என்ற தம் கம்பெனியுடன் இங்கே சுற்றுப்பயணம் செய்தார் ஜெஃப்ரி. பிறகு இங்கிலாந்து திரும்பி, 1953-இல் மறுபடியும் வந்தார். ஜெனிஃபரின் இளமையும், அவரைவிடப் பன்னிரண்டு ஆண்டு இளையவரான தங்கை ஃபெலிசிட்டியின் சிறுவயதும் இந்தப் பயணங்களிலேயே கழிந்தன. ஃபெலிசிட்டி ஒன்பது மாதக் குழந்தையாக இருந்தபோதே ‘நடுவேனிற் கனவு’ நாடகத்தில் ஒரு கைக்குழந்தையாக மேடைக்குத் தூக்கி வரப்பட்டவர். பிறகு இந்தியாவில் ஆறு லொரேட்டோ கன்னியர் பள்ளிகளில் படித்தார். கம்பெனி ஊர் மாறினால் பள்ளியும் மாறும். ஆறு பள்ளிகளிலும் ஆறு முறை புதுப்பிள்ளையாக நின்ற அச்சிறுமியின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

இந்தக் கம்பெனி வாழ்க்கை தமிழர்களாகிய நமக்குப் புரியாத ஒன்றன்று. நம் ஊருக்குப் பக்கத்திலுள்ள சங்கிலியாண்டபுரத்திலிருந்து சிறுவனாக நாடகக் கம்பெனிக்குப் போன கணேசன்தான் பிற்காலத்தில் நடிகர் திலகமானார். சங்கரதாஸ் சுவாமிகளும் டி.கே.எஸ். சகோதரர்களும் நடத்திய கம்பெனிகளைப் பற்றி உங்கள் தாத்தாமாரைக் கேட்டால் கதை கதையாகச் சொல்வார்கள். ஷேக்ஸ்பியரும் தமிழ் மேடைக்கு அந்நியரல்லர். பம்மல் சம்பந்த முதலியார் ‘ஹாம்லெட்’டை ‘அமலாதித்யன்’ என்றும், ‘வெனிஸ் வணிக’னை ‘வாணீபுர வணிகன்’ என்றும் தமிழில் ஆக்கித் தந்தார். நம் கம்பெனிகளில் சிறுவர்களே பெண் வேடம் போட்டார்கள். கெண்டல் கம்பெனியில் மகள்மார் இருவரும் வளர வளர, வயதுக்கேற்ற பெண் வேடங்கள் அவர்களுக்கு வந்து சேர்ந்தன. வேற்றுமை அவ்வளவுதான்.

ஷேக்ஸ்பியரானா மிகச் சிறிய குழு. ஒரே நடிகர் ஒரே மாலையில் இரண்டு மூன்று வேடம் போடவேண்டும். திரைச்சீலை கட்டுவதும், விளக்கு வைப்பதும், உடையைத் தைத்து ஒட்டுப் போடுவதும் நடிகர்களே. அரண்மனைத் தர்பார் மண்டபத்தில் மகாராஜா முன்னிலையில் நடிப்பார்கள். அடுத்த வாரம் ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்து மண்டபத்தில், பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளிவிட்டு நடிப்பார்கள். அவர்கள் இந்தியாவில் நடத்திய காட்சிகளில் பெரும்பங்கு பள்ளிகளிலும் கல்லூரிகளிலுமே நடந்தது. பாடப் புத்தகத்தில் அசையாமல் கிடந்த ஆன்டோனியோவும் ஷைலக்கும் எதிரே எழுந்து நின்று பேசியதை அன்றைய பிள்ளைகள் பலர் கண்டனர்.

கம்பெனி முழுவதும் வெள்ளைக்காரர்கள் என்று எண்ணிவிடவேண்டாம். கல்கத்தா தூய சவேரியார் கல்லூரி மாணவராக இருந்த உத்பல் தத் என்பவரின் நடிப்பைப் பார்த்துவிட்டு, அவரை ஜெஃப்ரி தம் குழுவில் சேர்த்துக்கொண்டார். வங்க நாடக மேடையின் பெருங்கலைஞராக விளங்கிய அதே உத்பல் தத்தான். நேரம் தவறாமை, ஒப்பனையில் கவனம், கூட்டம் பத்துப் பேரானாலும் குறையாத நடிப்பு என்று கெண்டல் நாடகத் தொழிலைக் கற்றுக்கொடுத்த விதத்தை அவர் கடைசிவரை மறக்கவில்லை. ஜெனிஃபர் வளர்ந்ததும் இந்தக் கண்டிப்பில்தான். நடிப்புக் கல்லூரி எதிலும் அவர் பயிலவில்லை. தந்தையே வாத்தியார், தந்தையே முதலாளி.

இரண்டு நாடகக் குடும்பங்கள்

1956-ஆம் ஆண்டு கல்கத்தாவில் இரண்டு நாடகக் குழுக்கள் ஒரே சமயத்தில் இருந்தன. ஒன்று ஷேக்ஸ்பியரானா. மற்றொன்று பிருதிவிராஜ் கபூர் நடத்திய ‘பிருதிவி தியேட்டர்ஸ்’. பிருதிவிராஜ் புகழ் பெற்ற திரைப்பட நடிகர். ஆனால் படத்தில் சம்பாதித்ததை நாடகத்தில் கொட்டியவர். 1944-இல் தொடங்கி 1960 வரை, பதினாறு ஆண்டுகள், ஒரு பெரிய குழுவைக் கூட்டிக்கொண்டு நாடெங்கும் இந்தி நாடகம் போட்டார். நாடகம் முடிந்ததும் வாசலில் துணியை ஏந்தித் தலைகுனிந்து நிற்பார். மக்கள் தங்களால் இயன்றதை அதில் இடுவார்கள். பஞ்ச நிவாரணத்துக்கும் அகதிகளுக்கும் அந்தப் பணம் சென்றது.

அவருடைய இளைய மகன் சசி கபூர் அந்தக் குழுவில் நடிகர். ஜெனிஃபரை அவர் சந்தித்தது அப்போதுதான். பின்னர் சசியும் ஷேக்ஸ்பியரானாவில் சேர்ந்து ஆங்கில நாடகங்களில் நடித்தார். இருவரும் மணம் செய்துகொள்ள விரும்பியபோது, கபூர் வீட்டார் தயங்கினாலும் பிறகு ஏற்றுக்கொண்டனர். எதிர்ப்பு வந்தது ஆங்கிலத் தந்தையிடமிருந்துதான். அவர் வருத்தத்துக்குக் காரணம் நிறமோ நாடோ என்று மட்டும் கொள்வது சரியாகாது. சின்னஞ்சிறு கம்பெனி, அதில் முதன்மைப் பெண் வேடம் தாங்குபவர் மகள். அவர் போய்விட்டால் எந்த நாடகம் நடக்கும்? மகளாகவும் கதாநாயகியாகவும் ஒருவரையே இழப்பது என்றால் தந்தையாகவும் முதலாளியாகவும் இரண்டு முறை வலிக்கத்தானே செய்யும்!

சிங்கப்பூர்ப் பயணத்தின்போது பிணக்கு முற்றி, இருவரும் கம்பெனியை விட்டு விலகினர். கையில் காசில்லை. பம்பாயிலிருந்து மூத்த அண்ணன் ராஜ் கபூர் உதவி செய்த பிறகே ஊர் திரும்ப முடிந்தது. 1958-ஆம் ஆண்டு ஜூலையில் திருமணம் நடந்தது. குணால், கரண், சஞ்சனா என மூன்று குழந்தைகள். சசி கபூர் 1961 முதல் இந்திப் படங்களில் கதாநாயகனாகி, ஒரே நாளில் பல படப்பிடிப்புகளுக்கு ஓடும் நிலைக்கு உயர்ந்தார். ஜெனிஃபரோ, இருபத்து நான்கு வயதுவரை தினமும் மேடை ஏறியவர், இப்போது வீட்டையும் குழந்தைகளையும் கவனித்தார். அந்த ஆண்டுகளில் அவர் நடிப்பு மிகக் குறைவு. உங்கள் அன்னையரில் எத்தனை பேர் திருமணத்துக்கு முன்பு பாட்டுப் போட்டியில் பரிசு வாங்கியவர்கள், வலைப்பந்து ஆடியவர்கள் என்று கேட்டுப் பாருங்கள். இந்த இடைவெளி நடிகைக்கு மட்டும் உரியதன்று.

திரையில் வந்த வேடங்கள்

1965-இல் ‘ஷேக்ஸ்பியர் வாலா’ என்ற படம் வெளிவந்தது. ஜேம்ஸ் ஐவரி இயக்கியது. சத்யஜித் ராய் இசையமைத்தது. புதிய இந்தியாவில் ஊர் ஊராகச் சென்று ஷேக்ஸ்பியர் நாடகம் போடும் ஓர் ஆங்கிலக் குடும்பத்தின் கதை. கெண்டல் குடும்பத்தின் கதையேதான் என்று சொல்லவேண்டும். தந்தையும் தாயுமே அந்த வேடங்களில் நடித்தனர். மகளாகத் தங்கை ஃபெலிசிட்டி நடித்தார். சசி கபூரும் உத்பல் தத்தும் உண்டு. முன்பெல்லாம் பல காட்சிகள் கேட்ட பள்ளிக்கூடம் இப்போது ஒன்று போதும் என்கிறது. மக்கள் கூட்டம் சினிமா நடிகையின் பின்னால் ஓடுகிறது. கடைசியில் மகள் இங்கிலாந்துக்குக் கப்பலேறுகிறாள். ஃபெலிசிட்டி தம் வாழ்விலும் அவ்வாறே சென்று, பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் பெரும்புகழ் பெற்றார். இந்தப் படத்தில் ஜெனிஃபருக்குக் கிடைத்தது மலைவாசத்தலத்தில் விடுதி நடத்தும் ஒரு மாதின் சிறு வேடம்தான். உண்மைக் கதையில் முதன்மையாக நின்றவர் திரைக்கதையில் ஓரமாக வந்துபோகிறார். தங்கியவளைப் பற்றிய கதையைவிடப் போனவளைப் பற்றிய கதையே படமெடுப்பவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

‘பம்பாய் டாக்கீ’ (1970) படத்தில் ஆங்கில நாவலாசிரியை ஒருத்தியாக நடித்தார். அது சிறுமியர்க்கு உரிய படமன்று. அதனால் கடந்து செல்கிறேன்.

ஷியாம் பெனகல் இயக்கிய ‘ஜுனூன்’ (1978) நின்று பார்க்கவேண்டிய படம். ரஸ்கின் பாண்ட் எழுதிய கதையைத் தழுவியது. 1857-ஆம் ஆண்டு எழுச்சியின்போது ஷாஜஹான்பூர் கோயிலில் ஞாயிறு வழிபாட்டுக்குக் கூடியிருந்தவர்கள் தாக்கப்படுகிறார்கள். கணவனை இழந்த மரியம் லபடூர் என்னும் பெண், தன் தாயையும் இளம் மகளையும் அழைத்துக்கொண்டு ஒரு நல்ல மனிதரின் வீட்டில் ஒளிகிறாள். அங்கிருந்து ஒரு பட்டாணியத் தலைவன் மூவரையும் தன் வீட்டுக்குக் கொண்டுபோய், மகளை மணக்க விரும்புகிறான். மரியத்தின் கையில் ஆயுதமில்லை, துணையில்லை. அவள் ஒரு நிபந்தனை வைக்கிறாள். டில்லி யார் கைக்குப் போகிறதோ அதைப் பொறுத்து என் பதில் இருக்கும். எழுச்சிக்காரர்கள் வென்றால் பெண் தருகிறேன், ஆங்கிலேயர் வென்றால் இல்லை என்கிறாள். ஒரு தாய் தன் மகளுக்காக ஒரு போரின் முடிவையே கேடயமாகப் பிடித்துக்கொள்கிறாள்! மரியமாக ஜெனிஃபர் நடித்தார். பட்டாணியனாக நடித்தவர் சசி கபூர். மரியத்தின் தாயாக நடித்தவர் உருது எழுத்தாளர் இஸ்மத் சுக்தாய். கத்துவதோ கதறுவதோ இல்லை. தாழ்ந்த குரலில், தலையை நிமிர்த்திக்கொண்டு பேசும் அந்தப் பெண்ணுக்கு முன்னால் வாளேந்தியவன் தடுமாறுகிறான். வாரம் முழுவதும் பெரிய வேடங்களை மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேசிப் பழகிய ஒருவர், திரைக்காகக் குரலை எவ்வளவு அடக்கிக்கொண்டார் என்பதே வியப்பு.

வயலட் டீச்சர்

பள்ளியில் இருப்பவர்களாகிய நாம் அதிகம் பேசவேண்டியது, அபர்ணா சென் இயக்கி 1981-இல் வெளிவந்த ‘36 சௌரங்கி லேன்’ படத்தைப் பற்றித்தான். அபர்ணா சென் அதுவரை நடிகை. இது அவர் இயக்கிய முதற்படம். எழுதி முடித்த கதையைச் சத்யஜித் ராயிடம் காட்ட, அவர் சசி கபூரிடம் செல்லும்படி சொன்னார். சசி கபூர் தயாரித்தார்.

கதையின் நாயகி வயலட் ஸ்டோன்ஹாம், கல்கத்தாவில் ஒரு பெண்கள் பள்ளியில் ஷேக்ஸ்பியர் கற்பிக்கும் ஆங்கிலோ இந்திய ஆசிரியை. அந்தச் சமூகம் நமக்குப் புதிதன்று. அரியமங்கலத்தை அடுத்த பொன்மலையில் 1928-இல் இரயில்வே பணிமனை இயங்கத் தொடங்கியபின், அந்தக் குடியிருப்பில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய வாழ்ந்தன. சுதந்திரத்துக்குப் பிறகு அவர்களில் பலர் இங்கிலாந்துக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் குடிபெயர்ந்தனர். சிலர் இங்கேயே தங்கினர். வயலட்டின் கதையும் அப்படித் தங்கியவரின் கதை. காதலித்தவர் போரில் மாண்டுபோனார். அண்ணன் மகள் மணமாகி ஆஸ்திரேலியாவுக்குச் சென்று, நீங்களும் வந்துவிடுங்கள் அத்தை என்று கடிதம் எழுதுகிறாள். சகோதரர் எடி முதியோர் இல்லத்தில் நினைவு தடுமாறிக் கிடக்கிறார். அந்த வேடத்தில் ஜெனிஃபரின் தந்தை ஜெஃப்ரியே நடித்தார். மாடி வீட்டில் வயலட்டுக்குத் துணை ஒரு பூனை. அதற்கு ஷேக்ஸ்பியரின் பாத்திரம் ஒன்றின் பெயரை எடுத்து ‘சர் டோபி’ என்று சூட்டியிருக்கிறார்.

வகுப்பில் மாணவிகள் கவனிப்பதில்லை. கொட்டாவி விடுகிறார்கள், தங்களுக்குள் சிரிக்கிறார்கள். (கடைசி பெஞ்சுக்காரர்கள் இப்போது தலையைக் குனிந்துகொள்ளலாம்.) புதிய தலைமையாசிரியை வந்ததும், ஷேக்ஸ்பியரை ஓர் இளம் ஆசிரியைக்குக் கொடுத்துவிட்டு, வயலட்டைக் கீழ் வகுப்புகளுக்கு இலக்கணம் எடுக்கச் சொல்கிறார்கள். சம்பளம் குறையவில்லை, வேலை போகவில்லை. ஆனாலும் அவரிடமிருந்து எதை எடுத்துவிட்டார்கள் என்பது ஆசிரியைகளுக்குத் தெரியும். வயலட் முறையிடுவதில்லை. முகம் சிறிது சுருங்குகிறது, சரி என்கிறார். அந்த ஒரு நொடிக்காகவே இந்தப் படத்தை எங்கள் போன்றவர்கள் மீண்டும் பார்க்கலாம்.

பிறகு கிறிஸ்துமஸ் நாளில் பழைய மாணவி நந்திதா, தான் மணக்கப்போகும் இளைஞனுடன் வந்து நிற்கிறாள். அவன் எழுத்தாளன்; பகலில் உங்கள் வீடு சும்மாதானே இருக்கிறது, அங்கே உட்கார்ந்து எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்கிறார்கள். வயலட் மகிழ்ந்து ஒப்புக்கொள்கிறார். மாலையில் வீடு திரும்பினால் தேநீர், பேச்சு, பழைய இசைத்தட்டுகள். பல ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்பொலி. அவர்களுக்குத் தேவைப்பட்டது தனிமையில் சந்திக்க ஓரிடம் மட்டுமே என்பது பார்க்கும் நமக்குத் தெரிகிறது, அவருக்குத் தெரிவதில்லை. திருமணம் முடிந்து சொந்த வீடு வந்ததும் வரவு நின்றுவிடுகிறது. அடுத்த கிறிஸ்துமஸுக்கு வயலட் கேக் செய்து எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போகிறார். ஊரில் இருக்கமாட்டோம் என்று சொன்னவர்களின் வீட்டில் விளக்கெரிகிறது, விருந்து நடக்கிறது. சன்னலுக்கு வெளியே நின்று பார்த்துவிட்டு, இருட்டில் நடந்து வருகிறார். தொடர்ந்து வரும் தெருநாய் ஒன்றிடம், மகள்மாரால் கைவிடப்பட்ட லியர் மன்னனின் சொற்களைச் சொல்லிக்கொண்டே போகிறார்.

லியர் மன்னனின் நாடகத்தைச் சிறுவயது முதல் மேடையில் கேட்டு வளர்ந்த ஒருவர், அதே சொற்களைக் கேட்க ஆளில்லாத தெருவில் சொல்வதாக நடிக்கிறார். ஜெனிஃபருக்கு அப்போது நாற்பத்தேழு வயது. தம்மைவிட முதியவளாக, தோள் குறுகி, நடை தளர்ந்து நடித்தார். படத்தில் வயது வந்தவர்களுக்குரிய காட்சிகள் சில உள்ளன. ஆகவே மாணவியரே, பெரியவர்களான பிறகு உங்கள் அன்னையருடன் அமர்ந்து பாருங்கள்.

அபர்ணா சென்னுக்குச் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருது கிடைத்தது. ஒளிப்பதிவாளர் அசோக் மேத்தாவுக்கும் தேசிய விருது. பிரிட்டிஷ் திரைப்படக் கழகம் 1983-இல் சிறந்த நடிகைக்கு முன்மொழிந்த நால்வரில் ஜெனிஃபரும் ஒருவர். விருது காதரின் ஹெப்பர்னுக்குப் போயிற்று. தேசிய விருதுகளில் ஜெனிஃபரின் பெயர் இல்லை என்பது எனக்கு இன்றும் குறையாகவே படுகிறது.

‘வெப்பமும் புழுதியும்’ என்று பொருள்படும் ஆங்கிலப் படத்தில் (1983) சிறு வேடம் ஒன்று. பிறகு சத்யஜித் ராயின் ‘கரே பாய்ரே’ (1984). தாகூரின் நாவல், காலம் வங்கப் பிரிவினை. ஜமீன் வீட்டு மருமகள் பிமலாவுக்கு ஆங்கிலமும் பாட்டும் கற்றுக்கொடுக்கும் மிஸ் கில்பி என்ற ஆசிரியை வேடம். வெளியே சுதேசி இயக்கத்தின் வேகத்தில் இளைஞர்கள் அந்த ஆங்கில மாதைத் தாக்க, அவர் அந்த ஊரை விட்டுச் செல்கிறார். சில நிமிடங்களே வரும் வேடம். விடைபெறும்போது அவரிடம் கோபமில்லை; கற்பித்துக்கொண்டிருந்த பிள்ளையைப் பாதியில் விட்டுச் செல்கிறோமே என்ற வருத்தம் மட்டும் தெரிகிறது.

ஜூஹூவில் ஓர் அரங்கம்

படங்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால், ஜெனிஃபர் செய்த பெரிய வேலை விட்டுப்போகும். பிருதிவிராஜ் கபூருக்குத் தம் நாடகங்களுக்கென்று நிலையான இடம் வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. 1962-இல் பம்பாய் ஜூஹூ பகுதியில் ஒரு மனையைக் குத்தகைக்கு எடுத்தார். அரங்கம் எழவில்லை, 1972-இல் அவர் காலமானார். குத்தகையும் அந்த ஆண்டோடு முடிந்தது. சசியும் ஜெனிஃபரும் அந்த இடத்தை விடாமல் மீட்டு, 1975-இல் அவர் பெயரால் ஓர் அறக்கட்டளை அமைத்து, வேத் சேகன் என்னும் கட்டடக் கலைஞரைக் கொண்டு அரங்கைக் கட்டினர். 1978 நவம்பர் 5 அன்று ‘பிருதிவி தியேட்டர்’ திறக்கப்பட்டது. ஜி.பி. தேஷ்பாண்டே எழுதிய ‘உத்வஸ்த தர்மசாலா’ நாடகம் முதலில் அரங்கேறியது. நசீருதீன் ஷா, ஓம் புரி ஆகியோர் நடித்தனர். அன்று அவர்கள் இளைஞர்கள்.

பணம் தந்தது சசி கபூரின் படங்கள். ஆனால் அரங்கம் எப்படி இருக்கவேண்டும், எப்படி நடக்கவேண்டும் என்பதில் முன்னின்றவர் ஜெனிஃபர். சுமார் 200 பேர் மட்டுமே அமரலாம். மேடை உயரத்தில் இல்லை. பார்வையாளர் மூன்று பக்கமும் சூழ்ந்திருக்க, நடுவில் நடிகர் நிற்பார். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் நடிகரின் கண் அசைவு தெரியும், ஒலிபெருக்கி தேவையில்லை. குழுக்கள் கொடுக்கவேண்டிய வாடகை குறைவு. நாடகம் தொடங்கிவிட்டால் தாமதமாக வந்தவருக்கு, அவர் எவ்வளவு பெரிய நட்சத்திரமாக இருந்தாலும், உள்ளே இடமில்லை.

பள்ளிக்கூடத்து மண்டபத்தில் பெஞ்சுகளைத் தள்ளிவிட்டு நடித்த நாட்களை நினைத்துக்கொண்டு இந்த அமைப்பைப் பாருங்கள். பிள்ளைகள் மூக்கருகே உட்கார்ந்திருக்க, தூக்கிய மேடையும் ஒலிபெருக்கியும் இல்லாமல் நடித்தவருக்குத்தான் இப்படிப்பட்ட அரங்கின் அருமை தெரியும். தந்தையின் கம்பெனிக்கு நிலையான கூரை எங்குமே இருந்ததில்லை. மாமனாருக்கும் இருந்ததில்லை. இரண்டு நாடோடி நாடகக் குழுக்களுக்கும் சேர்த்து ஒரு கூரையை, இரண்டு குடும்பத்துக்கும் பொதுவான ஒரு பெண் போட்டுவைத்தார். அங்கே ஆங்கில நாடகம் மட்டுமே நடக்கவேண்டும் என்று அவர் நினைக்கவில்லை. இந்தி, மராத்தி, குஜராத்தி என்று எந்த மொழிக் குழுவும் வரலாம். 1983-இல் முதல் பிருதிவி நாடக விழா நடந்தது.

அப்போதே அவர் புற்றுநோயால் வருந்திக்கொண்டிருந்தார். 1984 செப்டம்பர் 7 அன்று இலண்டனில் காலமானார். வயது ஐம்பது. எதிர்த்து நின்ற தந்தை ஜெஃப்ரி, மகளுக்குப் பிறகும் பதினான்கு ஆண்டுகள் வாழ்ந்து 1998-இல் மறைந்தார். 2017 டிசம்பரில் சசி கபூரும் காலமானார். அரங்கின் பொறுப்பை முதலில் மூத்த மகன் குணாலும், பின்னர் பல ஆண்டுகள் மகள் சஞ்சனாவும் ஏற்று நடத்தினர். பள்ளி விடுமுறைக் காலங்களில் சிறுவர்களுக்கான நாடகப் பயிற்சிகளும் அங்கே நடந்து வந்திருக்கின்றன.

ஜெனிஃபரின் பிறந்த நாளான பிப்ரவரி 28 அன்று, தபேலா மேதை ஜாகிர் உசேன் பல ஆண்டுகள் அந்தச் சிறிய அரங்குக்கு வந்து அவர் நினைவாக வாசித்தார். பெரிய நகரங்களில் ஆயிரக்கணக்கானோர் கட்டணம் கொடுத்துக் கேட்ட கலைஞர், அன்று 200 பேருக்கு நடுவே, ஒலி எட்டும் தூரத்தில் அமர்ந்திருப்பார்.